பெருக்கிகளைப் பிணைத்த கதை

பழைய வால்வு வானொலிப் பெட்டியை நீங்கள் பார்த்திருக்கலாம். சுவிட்சைத் திருப்பியவுடன் அது பாடாது. வால்வுகள் சூடேறும்வரை அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட பெட்டி ஒருநாள் பாட்டைச் சிதைத்து, கரகரவென்று ஒலிக்கத் தொடங்கும். பழுது பார்ப்பவர் பின்பக்க அட்டையைக் கழற்றுவார். கடைசி வால்வின் தகடு செக்கச்செவேலென்று பழுத்திருக்கும். விவரம் தெரிந்தவராயிருந்தால் அவர் உடனே வால்வை மாற்றிவிட மாட்டார். அந்த வால்வுக்கும் அதற்கு முந்திய வால்வுக்கும் நடுவே, மெழுகு பூசிய சிறு காகித உருளை ஒன்று இரண்டு கம்பிக் கால்களுடன் பற்றவைக்கப்பட்டிருக்கும். அதன் ஒரு காலைக் கழற்றி, மீட்டரை வைத்துச் சோதித்துவிட்டு, "கப்ளிங் கண்டன்சர் லீக்" என்பார். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் அந்த உருளையை மாற்றியதும் பெட்டி பழையபடி பாடும்.

இந்த உருளை எதையும் பெருக்குவதில்லை. ஒரு வால்வை அடுத்த வால்வோடு பிணைப்பது மட்டுமே அதன் வேலை. அந்த வேலையில் அது சற்றே தவறியதும் விலை உயர்ந்த வால்வு எரிந்துபோகும் நிலைக்கு வந்துவிட்டது. மின்னணுவியலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வால்வைப் பற்றியும் டிரான்சிஸ்டரைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அவற்றுக்கு நடுவே இருக்கும் பிணைப்பைப் பற்றி ஒரு வரி எழுதினால் அதிகம். ஆனால் எதைப் பெருக்க முடியும், எதைப் பெருக்க முடியாது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது இந்தப் பிணைப்புத்தான். அதன் கதையை இங்கே காண்போம்.

ஒன்று போதாது

முதலில், பிணைக்க வேண்டிய தேவை ஏன் வந்தது? 1906-இல் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் மூன்று உறுப்புகள் கொண்ட வால்வை உருவாக்கி, அதற்கு 'ஆடியான்' என்று பெயரிட்டார். கண்ணாடிக் குமிழுக்குள் ஓர் இழை, ஒரு தகடு, இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி வலை. இழை சூடானதும் அதிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பும். தகட்டுக்கு நேர் மின்னழுத்தம் கொடுத்தால் அவை தகட்டை நோக்கி ஓடும். வழியில் நிற்கும் வலையின் மின்னழுத்தத்தைச் சற்றே கூட்டினாலும் குறைத்தாலும் தகட்டின் மின்னோட்டம் பெரிதும் மாறும். மதகைச் சிறிதளவு தூக்கினால் வாய்க்காலில் வெள்ளம் ஓடுவதைப் போல.

1920-களில் பரவலாகப் பயன்பட்ட வால்வு ஒன்றால் சைகையை ஏறத்தாழ 8 மடங்குதான் பெருக்க முடிந்தது. வானலையிலிருந்து வரும் மெல்லிய சைகைக்கு இது போதாது. முதல் வால்வு தருவதை இரண்டாவது வால்வுக்கும், அது தருவதை மூன்றாவதற்கும் கொடுத்தால் என்ன? 8 மடங்கு, 64 மடங்காகும். பிறகு 512 மடங்காகும். மூன்றே வால்வுகளில் ஐந்நூறு மடங்குக்கு மேல்! ஒவ்வொரு வால்வும் அதைச் சார்ந்த உறுப்புகளும் சேர்ந்தது ஒரு 'கட்டம்' எனப்படும். கட்டங்களை வரிசையாகப் பிணைப்பது, காகிதத்தில் பெருக்கல் கணக்குப் போடுவதைப் போல எளிதாகத் தோன்றுகிறது அல்லவா? செய்து பார்த்தவர்களுக்குத்தான் சிக்கல் புரிந்தது.

ஏரியும் அலையும்

முதல் வால்வின் தகடு ஏறத்தாழ 100 வோல்ட் உயரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சைகை வரும்போது அது 101-க்கு ஏறும், 99-க்கு இறங்கும். நமக்கு வேண்டியது இந்த ஏற்ற இறக்கம் மட்டுமே. அடுத்த வால்வின் வலையோ, அந்த வால்வின் இழையைவிட ஓரிரு வோல்ட் தாழ்வாக இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டால், சைகையோடு 100 வோல்ட்டும் சேர்ந்து வலையின்மேல் பாயும். மதகு முழுவதும் திறந்துகொள்ளும். தகடு பழுத்துச் சிவக்கும். நம் வானொலிப் பெட்டியில் நடந்ததும் இதுதான். கசிந்த கண்டன்சர் வழியாகச் சில வோல்ட் வந்ததற்கே அந்தக் கதி.

இரண்டு ஏரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மேட்டில் இருக்கிறது, மற்றொன்று பள்ளத்தில். மேல் ஏரியின் பரப்பில் எழும் சிற்றலை கீழ் ஏரியிலும் எழ வேண்டும். ஆனால் மேல் ஏரியின் தண்ணீர் ஒரு சொட்டும் கீழே வரக்கூடாது. இதுதான் பொறியாளர்கள் முன் நின்ற கேள்வி. இதற்கு மூன்று விடைகள் கிடைத்தன. ஒவ்வொரு விடையும் ஒரு வரத்தையும் ஒரு குறையையும் சேர்த்தே கொண்டுவந்தது.

முதல் விடை: மின்மாற்றி

டி பாரஸ்ட் தம் வால்வைப் பல ஆண்டுகள் வானலைச் சைகையைக் கண்டறியும் கருவியாகவே பயன்படுத்திவந்தார். கலிபோர்னியாவில் பாலோ ஆல்ட்டோ நகரில் வேலை செய்துகொண்டிருந்தபோது, 1912-இல், அதனால் ஒலியைப் பெருக்கலாம் என்பதை உறுதிசெய்தார். ஆடியான்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, நடுவே மின்மாற்றிகளை வைத்துப் பிணைத்தார். காகிதத்தின்மேல் நடந்த ஈயின் காலடி ஓசை, படை நடைபோடுவது போல அப்போது கேட்டதாகச் சொல்வதுண்டு.

மின்மாற்றியின் தத்துவம் பாரடே 1831-இல் கண்டது. ஒரே இரும்புள்ளின்மேல் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கும். ஒன்றில் ஓடும் மின்னோட்டம் மாறும்போது மட்டுமே மற்றதில் மின்னழுத்தம் எழும். மாறாத மின்னோட்டம் எவ்வளவு ஓடினாலும் மறு சுருளுக்கு அது தெரியாது. அலை போகிறது, தண்ணீர் நின்றுவிடுகிறது. இரண்டாம் சுருளில் மூன்று மடங்கு சுற்றுகள் இருந்தால், சைகையின் மின்னழுத்தமும் மூன்று மடங்காகும். பிணைப்பிலேயே பெருக்கமும் கிடைத்ததால் வால்வுகளின் எண்ணிக்கையைக் குறைக்க முடிந்தது. வால்வு விலை மலைபோல் இருந்த அந்தக் காலத்தில் இது பெரிய இலாபம்.

1912 அக்டோபர் இறுதியில் டி பாரஸ்ட் தம் பெருக்கியை அமெரிக்கன் டெலிபோன் அண்டு டெலிகிராப் நிறுவனத்தாரிடம் காட்டினார். நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குத் தொலைபேசிக் கம்பி இழுக்க விரும்பிய அந்நிறுவனத்துக்கு, வழியில் தேய்ந்துபோகும் குரலை மீண்டும் வலுப்படுத்த ஒரு கருவி தேவைப்பட்டது. சைகை சற்று வலுவானதும் ஆடியானுக்குள் நீல ஒளி மூண்டு, குரல் குழம்பியது. குமிழுக்குள் எஞ்சியிருந்த வாயுவே காரணம் என்று கண்டவர் ஹரால்டு ஆர்னால்டு என்ற இளம் இயற்பியலார். வாயுவை முற்றிலும் வெளியேற்றியபின் வால்வு நம்பகமான கருவியாயிற்று. தொலைபேசிப் பெருக்கிக்கான உரிமையை 1913-இல் நிறுவனம் 50,000 டாலருக்கு வாங்கியது. 1915 ஜனவரி 25-ஆம் நாள், ஏறத்தாழ 5,400 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை திறக்கப்பட்டது. நியூயார்க்கில் கிரகாம் பெல்லும் சான்பிரான்சிஸ்கோவில் வாட்சனும் பேசினர். 1876-இல் பக்கத்து அறையிலிருந்து அழைத்தது போலவே, 'இங்கே வாருங்கள்' என்று பெல் அழைத்தார். இப்போது வந்துசேர ஒரு வாரம் ஆகுமே என்றார் வாட்சன். அந்தக் குரல்கள் வழியிலிருந்த வால்வுகளுக்குள் நுழைந்ததும் அங்கிருந்து கம்பிக்குத் திரும்பியதும் மின்மாற்றிகளின் வழியாகத்தான்.

மின்மாற்றியின் குறை என்ன? அதற்கு எல்லா அதிர்வெண்களும் ஒன்றல்ல. மிருதங்கத்தின் தொப்பியில் எழும் தாழ்ந்த ஒலி, மெதுவாக மாறும் மின்னோட்டமாக வருகிறது. மாற்றம் மெதுவாக இருக்க இருக்க மறு சுருளில் எழும் மின்னழுத்தம் குறைகிறது. மிக உயர்ந்த ஒலிகளோ சுருளின் நெருக்கமான சுற்றுகளுக்கிடையே வீணாகின்றன. நடுவில் உள்ள ஒலிகள் மட்டும் நன்றாகக் கடக்கும். தொலைபேசிப் பேச்சுக்கு இது போதும், இசைக்குப் போதாது. 1925-இல் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் அசையும் சுருள் ஒலிபெருக்கியை வெளியிட்டனர். தாழ்ந்த ஒலிகளையும் அது தெளிவாக ஒலித்ததால், மின்மாற்றி விழுங்கிய ஒலிகள் எவை என்று காதுக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டாம் விடை: மின்தடையும் மின்தேக்கியும்

இரண்டாம் விடையை வளர்த்தது முதல் உலகப் போர். பிரெஞ்சு இராணுவத்தின் வானொலித் தந்திப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் குஸ்தாவ் பெரியே. அவர் நாட்டின் சிறந்த இயற்பியலார் பலரைத் தம்மிடம் சேர்த்துக்கொண்டார். அவர்களின் உழைப்பால் 'டி.எம்.' என்ற வால்வு உருவாகி, போர் முடிவதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டது. பதுங்கு குழிகளுக்குப் பெருக்கிகள் ஏராளமாகத் தேவைப்பட்டன. எதிரியின் தொலைபேசிக் கம்பியிலிருந்து மண்ணில் கசியும் பேச்சைக்கூட, தரையில் கம்பி முளைகளை அடித்து ஒட்டுக்கேட்டார்கள்.

1916-இல் லியோன் பிரில்லுவான், போவே ஆகிய இருவர், மின்மாற்றி இல்லாத பெருக்கியை அமைத்தனர். வால்வின் தகட்டுக்கு மின்சாரம் வரும் வழியில் ஒரு மின்தடை. தகட்டுக்கும் அடுத்த வலைக்கும் நடுவே ஒரு மின்தேக்கி. வலையை அதற்குரிய மட்டத்தில் நிறுத்த இன்னொரு மின்தடை. அவ்வளவுதான்! பிரில்லுவான் பின்னாளில் திண்மப் பொருள்களின் இயற்பியலில் பெரும்புகழ் பெற்றவர்.

மின்தேக்கி என்பது இரண்டு உலோகத் தாள்களுக்கு நடுவே மின்சாரம் கடத்தாத ஒரு பொருளை வைத்த அமைப்பு. நேர் மின்னோட்டம் அதைக் கடக்காது. ஆனால் ஒரு தாளின் மின்னழுத்தம் சட்டென்று மாறினால் மறு தாளும் கூடவே மாறும். ஏரிகளுக்கிடையே உள்ள குழாயில் ரப்பர் சவ்வு ஒன்றைக் கட்டிவைத்ததைப் போல. தண்ணீர் கடக்காது; அதிர்வு கடக்கும். மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்ற வேண்டியதில்லை, இரும்பும் வேண்டியதில்லை. ஒரே பெருக்கி பலவகை அலைநீளங்களுக்கும் பயன்பட்டது. நம் வானொலிப் பெட்டியிலிருந்த மெழுகுக் காகித உருளை இந்த மின்தேக்கியின் வழித்தோன்றலே.

இதற்கும் விலை உண்டு. தகட்டு மின்தடையில் மின்னழுத்தத்தின் ஒரு பகுதி வீணாவதால் உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். பிணைப்பிலேயே கிடைத்த இலவசப் பெருக்கமும் போயிற்று. மேலும், ரப்பர் சவ்வு மெதுவாகத் தள்ளினால் வளைந்துகொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடும் அல்லவா? மின்தேக்கியும் மெதுவான மாற்றங்களை விழுங்கிவிடும். ஒரு கணக்குப் பாருங்கள். 0.01 மைக்ரோபாரடு மின்தேக்கியும் 5 லட்சம் ஓம் மின்தடையும் சேர்ந்தால், வினாடிக்கு 32 அதிர்வுகள் உள்ள சைகையில் ஏறத்தாழ 70 விழுக்காடே கடக்கும். இப்படி மூன்று பிணைப்புகள் வரிசையாக இருந்தால் கடைசியில் எஞ்சுவது 35 விழுக்காடு. பெருக்கம் பெருகுவது போலவே இழப்பும் பெருகுகிறது!

வட்டமாகப் பிணைத்தால்?

இங்கே கதையில் ஒரு திருப்பம். அதே பிரெஞ்சுக் குழுவைச் சேர்ந்த ஹென்றி ஆப்ரகாம், யூஜின் பிளாக் ஆகிய இருவரும் இரண்டு கட்டங்களை மின்தேக்கியால் பிணைத்தார்கள். பிறகு இரண்டாவது கட்டத்தின் விளைவை மற்றொரு மின்தேக்கி வழியாக முதல் கட்டத்துக்கே திருப்பிவிட்டார்கள். வெளியிலிருந்து எந்தச் சைகையும் இல்லாமலே அது தானாகத் துடிக்கத் தொடங்கியது. ஒரு வால்வு திறந்தால் மற்றது மூடும். மின்தேக்கியில் உள்ள மின்சாரம் வடிந்ததும் முறை மாறும். 1919-இல் வெளியிடப்பட்ட இந்தச் சுற்றுக்கு 'மல்ட்டிவைப்ரேட்டர்' என்று பெயர்.

ஏறத்தாழ அதே நேரத்தில், இங்கிலாந்தில் எக்கிள்ஸ், ஜோர்டான் ஆகிய இருவர் இரண்டு வால்வுகளை இவ்வாறே வட்டமாகப் பிணைத்தனர். 1918-இல் அதற்கு உரிமை கோரினர். ஒரே ஒரு வேறுபாடு: நடுவே மின்தேக்கியை வைக்காமல், நேர் மின்னோட்டமும் கடக்கும்படி பிணைத்தனர். இந்தச் சுற்று துடிக்கவில்லை. ஒரு வால்வு திறந்தும் மற்றது மூடியும் அப்படியே நின்றது. வெளியிலிருந்து ஒரு தட்டுத் தட்டினால் நிலை மாறி, மறுபடியும் அப்படியே நின்றது. கடைசியாகத் தட்டியது எந்தப் பக்கம் என்பதை அது மறக்கவில்லை!

வாசகர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மின்தேக்கி வழியாகப் பிணைத்தால் கடிகாரம். நேராகப் பிணைத்தால் நினைவு. 1946-இல் அறிமுகமான 'எனியாக்' என்ற கணிப்பொறியில் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன. அதில் எண்களை எண்ணிவைத்தவை எக்கிள்ஸ்-ஜோர்டான் வகைச் சுற்றுகளே. இன்றைய கணிப்பொறிச் சில்லுகளுக்குள் உள்ள விரைவு நினைவகத்தின் ஒவ்வொரு அறையிலும், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன.

மூன்றாம் விடை: நேரடிப் பிணைப்பு

நரம்பில் ஓடும் மின்துடிப்பைக் காண உடலியலார் நெடுங்காலம் முயன்றனர். 1921-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் காசர், நியூகாமர் ஆகியோர் மூன்று கட்ட வால்வுப் பெருக்கியால் நரம்பின் துடிப்பைப் பெருக்கிப் பதிவு செய்தனர். அவர்கள் வழியைப் பின்பற்றி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் அட்ரியன் ஒரு பெருக்கியை அமைத்தார். 1926-இல் சோட்டர்மன் என்ற சுவீடன் நாட்டவருடன் சேர்ந்து, தனியொரு நரம்பிழையின் துடிப்புகளைப் பதிவு செய்தார். தூண்டுதல் வலுத்தால் துடிப்பின் அளவு பெரிதாவதில்லை. துடிப்புகள் அடிக்கடி வருகின்றன என்பது தெளிவாயிற்று. 1932-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1944-இல் காசருக்கும் கிடைத்தது.

நரம்புத் துடிப்பு, வினாடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்குக்குள் முடிந்துவிடும். ஆகவே மின்தேக்கி அதைத் தாராளமாக விட்டது. ஆனால் உயிருள்ள உடலில் வினாடிக்கணக்கில் மெல்ல நகரும் மின்னழுத்தங்களும் உண்டு. அவற்றை எந்த மின்தேக்கியும் எந்த மின்மாற்றியும் கடத்தாது. நேராகக் கம்பியாலேயே பிணைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்படியானால் அந்த 100 வோல்ட்டை என்ன செய்வது?

வீட்டுக்குத் தளம் போடும் இடத்தில் சாரத்தின் படிகளில் வரிசையாக நின்று சாந்துச் சட்டியைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொருவரும் முந்தியவரைவிட ஒரு படி மேலே நிற்பார். நேரடிப் பிணைப்பும் அப்படியே. அடுத்த வால்வு முழுவதையும் 100 வோல்ட் உயரத்தில் நிறுத்திவிட்டால், அதன் வலைக்கு 100 வோல்ட் ஒரு பொருட்டாகாது. 1930 வாக்கில் லாப்டின், ஒயிட் என்ற இருவரின் பெயரால் வழங்கிய வானொலிப் பெருக்கி இப்படித்தான் அமைந்தது. கட்டங்கள் கூடக்கூடச் சாரமும் உயரும். மின்சார வழங்கியின் மின்னழுத்தமும் உயரும்.

அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. முதல் வால்வின் இழை சற்று ஆறினாலும், மின்கலம் சற்று இறங்கினாலும், அந்த மெதுவான மாற்றமும் சைகையைப் போலவே பெருக்கப்பட்டுவிடும். முதல் கட்டத்தில் ஆயிரத்தில் ஒரு வோல்ட் நகர்ந்தால், ஆயிரம் மடங்கு பெருக்கியின் முடிவில் அது ஒரு வோல்ட்! இந்த நகர்வு சைகையா, பெருக்கியின் சோர்வா என்று எப்படிப் பிரித்தறிவது? எல்லாவற்றையும் விடும் வாயில், வேண்டாததையும் விட்டுவிடுகிறது.

இதற்குத் தீர்வு தராசின் வடிவில் வந்தது. தராசின் இரு தட்டுகளிலும் ஒரே எடையைக் கூட்டினால் முள் அசைவதில்லை. அதைப்போல ஒரே மாதிரியான இரண்டு வால்வுகளை எதிரெதிரே நிறுத்தி, அவற்றின் வேறுபாட்டை மட்டும் அடுத்த கட்டத்துக்கு அனுப்பினால், இரண்டுக்கும் பொதுவாக நேரும் மாற்றங்கள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும். 1934-இல் கேம்பிரிட்ஜின் மாத்தியூஸ் இவ்வகைப் பெருக்கியை உடலியல் ஆய்வில் பயன்படுத்தினார். 1936-இல் ஆலன் புளும்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், இரண்டு வால்வுகளின் எதிர்மின்வாய்களையும் ஒரே பெரிய மின்தடையில் இணைத்து, இதைச் செம்மைப்படுத்தினார். அவருடைய நோக்கம் தொலைக்காட்சி: நீண்ட கம்பியில் வரும் படச் சைகையோடு கலக்கும் இரைச்சலை நீக்குவது. 1942 ஜூன் 7-ஆம் நாள், விமானத்திலிருந்து நிலத்தைக் காட்டும் ரேடாரைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, விமானம் விழுந்து நொறுங்கி அவர் இறந்தார். அப்போது அவருக்கு வயது 38.

டிரான்சிஸ்டரும் சில்லும்

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீனும் பிராட்டனும் டிரான்சிஸ்டரைப் படைத்தனர். பிணைப்பின் கதை மறுபடி தொடக்கத்துக்கு வந்தது. வால்வின் வலை மின்னோட்டம் ஏதும் கேட்பதில்லை. டிரான்சிஸ்டரோ தன் வாயிலிலேயே மின்னோட்டம் கேட்கும். முந்திய கட்டம் தருவதற்கும் இது கேட்பதற்கும் பொருத்தம் பார்க்க, ஒதுக்கப்பட்ட மின்மாற்றி திரும்பி வந்தது. பழைய கைப்பெட்டி டிரான்சிஸ்டர் ரேடியோவைத் திறந்தால், ஒலிபெருக்கிக்கு அருகில் சுண்டுவிரல் நுனியளவில் ஒன்றிரண்டு மின்மாற்றிகளைக் காணலாம். மின்தேக்கியோ 0.01 மைக்ரோபாரடிலிருந்து 10 மைக்ரோபாரடுக்கு வளர்ந்தது. மின்னழுத்தம் குறைவாக இருந்ததால், சிறிய உருளைக்குள் அதிகம் தேக்கும் 'எலக்ட்ரோலிட்டிக்' வகையை அங்கே வைக்க முடிந்தது.

டிரான்சிஸ்டர் இன்னொரு வரத்தையும் தந்தது. வால்வில் ஓடுவது எலக்ட்ரான் மட்டுமே. டிரான்சிஸ்டரில் இரண்டு இனங்கள் உண்டு: என்.பி.என்., பி.என்.பி. ஒன்றுக்கு நேர் மின்னழுத்தம் வேண்டும். மற்றதற்கு எதிர் மின்னழுத்தம் வேண்டும். ஒன்று மேலே ஏற்றிய மட்டத்தை மற்றது கீழே இறக்கிவிடும். உயர்ந்துகொண்டே போக வேண்டிய சாரத்தில், இறங்குவதற்கும் படிகள் கிடைத்துவிட்டன.

ஒரே சிலிக்கன் துண்டில் முழுச் சுற்றையும் அமைக்கும் முறையை 1958, 1959 ஆண்டுகளில் கில்பியும் நாய்சும் கண்டபின், பழைய முறைகள் பலவும் கைவிடப்பட்டன. சிலிக்கன் துண்டில் டிரான்சிஸ்டர் மலிவு. மின்தேக்கி விலை அதிகம். 1968-இல் டேவ் புல்லகர் வடிவமைத்த '741' என்ற பெருக்கிச் சில்லு இன்றும் மாணவர்களின் ஆய்வகங்களில் காணப்படுகிறது. அதற்குள் ஏறத்தாழ 20 டிரான்சிஸ்டர்களும், பெருக்கி தானாகத் துடிக்காமல் தடுப்பதற்கென்று ஒரே ஒரு 30 பிக்கோபாரடு மின்தேக்கியும் உள்ளன. அந்தச் சிறு மின்தேக்கியே பல டிரான்சிஸ்டர்களின் இடத்தை அடைத்துக்கொள்கிறது. பிணைப்புக்கு வேண்டிய 10 மைக்ரோபாரடு இதைப்போல 3 லட்சம் மடங்குக்கு மேல்! ஆகவே சில்லுக்குள் எல்லாக் கட்டங்களும் நேரடியாகப் பிணைக்கப்பட்டன. நகர்வுத் தொல்லை? புளும்லைன் அமைத்த தராசு வாயிலிலேயே நிற்கிறது. ஒரே துண்டில் அருகருகே பிறந்த இரண்டு டிரான்சிஸ்டர்கள் சூடாவதும் ஆறுவதும் ஒன்றாகவே. அவற்றைவிட ஒத்த இரட்டையர் ஏது?

இதயம் வரைந்த கோடு

அப்படியானால் மின்தேக்கிப் பிணைப்பு செத்துவிட்டதா? இல்லை. மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுக்கும்போது அதன் வேலையை உங்கள் உடம்பிலேயே பார்க்கலாம்.

இதயத்தின் மின்சைகை தோலின்மேல் ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட். தோலில் ஒட்டும் உலோகத் தகடுகளோ தாமாகவே 300 மில்லிவோல்ட் வரை நேர் மின்னழுத்தத்தை உண்டாக்கக்கூடும். மறுபடியும் பெரிய ஏரி, சிறிய அலை! முதல் கட்டத்தில் தராசுப் பெருக்கி நேரடியாக நிற்கும். ஏரியை நிறுத்தி அலையை விடுவதற்கு அதற்குப் பின்னே மின்தேக்கியும் மின்தடையும் நிற்கும். இன்றைய பல கருவிகளில் இதே வேலையைக் கணிப்பொறி எண்களைக் கொண்டு செய்கிறது, கணக்கு ஒன்றே.

எவ்வளவு மெதுவான மாற்றம்வரை விட வேண்டும்? நோயறியும் ஈ.சி.ஜி.க்கு இந்த எல்லை வினாடிக்கு 0.05 அதிர்வு. எல்லையை இதைப் பத்து மடங்காக்கி 0.5-க்கு உயர்த்தினால் கோடு ஆடாமல் அழகாக ஓடும். நோயாளி அசைந்தாலும் மூச்சுவிட்டாலும் கோடு விலகாது என்பதால், படுக்கையருகே இதயத்தைத் தொடர்ந்து கண்காணிக்கும் கருவிகளில் அப்படி வைப்பதுண்டு. ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் உயர்ந்த கூர்முனைக்குப் பின் வரும் தட்டையான பகுதி இருக்கிறதே, அது மெதுவான சைகை. மாரடைப்பின்போது மேலே எழுவதும் அதுதான்; மருத்துவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். எல்லையை உயர்த்தினால் இந்தப் பகுதி தன் இடத்திலிருந்து பிறழக்கூடும். இல்லாத நோய் இருப்பது போலத் தோன்றலாம். இருக்கும் நோய் மறையலாம். அதனால்தான் கண்காணிப்புத் திரையை மட்டும் நம்பி முடிவு செய்யாமல், நோயறியும் ஈ.சி.ஜி. ஒன்றைத் தனியே எடுக்கச் சொல்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பிணைப்பு விட்டதைப் பின்னால் வரும் கட்டங்கள் எத்தனை மடங்கு வேண்டுமானாலும் பெருக்கலாம். பிணைப்பு விடாததைப் பின்னால் எத்தனை கட்டங்களை அடுக்கினாலும் திரும்பப் பெற முடியாது. மின்மாற்றி விழுங்கிய தாழ்ந்த ஒலியை எந்த ஒலிபெருக்கியும் மீட்கவில்லை. மின்தேக்கி விழுங்கிய மெதுவான சைகையை எந்த வால்வும் மீட்கவில்லை. எதை விடுவது, எதை நிறுத்துவது என்பதை முன்கூட்டியே அறிந்து முடிவு செய்தவர்களால்தான் மின்னணுவியல் வளர்ந்தது.

இனி எங்காவது பழைய வானொலிப் பெட்டி திறந்து கிடப்பதைக் கண்டால், ஒளிரும் வால்வுகளோடு நின்றுவிடாதீர்கள். இரண்டு வால்வுகளுக்கு நடுவே, மெழுகு வழிந்து தூசி படிந்து கிடக்கும் அந்தச் சிறு காகித உருளையையும் சற்றுத் தேடிப் பாருங்கள். தண்ணீரை நிறுத்தி அலையை அனுப்பியது அதுதான். ஆனால் ஓர் எச்சரிக்கை! மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் சிறிது நேரத்துக்குப் பெட்டிக்குள் கை வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கிகள் தம்மிடமுள்ள மின்சாரத்தை அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுவதில்லை.